மோடம் தரம் மாறினால் மோடம் கம்பெனி ஷேர் ஏறுமா? கீழக்கரைத் தம்பிக்குப் பதில்

கேள்வி: "அண்ணே, கீழக்கரையில் கேபிள் தொழில் செய்கிறேன். ஒரு காலத்தில் 240 வீட்டுக்குக் கேபிள் வயரிலேயே மோடம் வைத்து இன்டர்நெட் கொடுத்தேன், ஃபைபர்காரர்கள் வந்த பிறகு 150 வீடுதான் மிச்சம். துபாயில் இருக்கும் எங்கள் காக்கா (அண்ணன்), அமெரிக்காவில் டாக்சிஸ் 4.0 என்று கேபிள் மோடத்துக்குப் புதுத் தரம் வந்துவிட்டது, கோடிக்கணக்கான வீட்டில் பழைய மோடத்தைத் தூக்கிப்போட்டுப் புதுசு வைத்தாக வேண்டும், மோடம் செய்கிற கம்பெனி ஷேர் பல மடங்கு ஏறும் என்கிறார். கையில் 6 லட்சம் இருக்கிறது. இங்கே ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டால் அங்கே காக்கா கைக்குப் போய்விடும், அவர் கணக்கிலேயே வாங்கி வைப்பார். வாங்கலாமா, எந்தக் கம்பெனி வாங்கலாம்?"

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 6 லட்சத்தை மோடம் கம்பெனி ஷேரில் போட வேண்டாம். ஆளிடம் கொடுத்து அனுப்புவது வேண்டவே வேண்டாம், அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். இதில் பெயர் சொல்லப்போகிற எந்தக் கம்பெனியின் பங்கும் என்னிடம் கிடையாது, எதையும் வாங்கச் சொல்லியோ விற்கச் சொல்லியோ எழுதவும் இல்லை. காக்கா சொன்னதில் பாதி சரி. அதனால்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆலோசகராக உட்காருவதற்கு முன் நானும் ஆறு வருடம் கேபிள் கம்பம் ஏறியவன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் பெரியபட்டினம், ஏர்வாடி என்று ஆண்கடல் என்று நாம் சொல்கிற மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களுக்குக் கம்ப்ளெயின்ட் பார்க்கப் போனால் என்ன பார்ப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபயர் மூடியைத் திறந்தால் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்திருக்கும். கனெக்டரைக் கழற்றினால் நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அந்த வீட்டில் டிவி படம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், இன்டர்நெட் மட்டும் விட்டு விட்டு வரும். ஏனென்றால் மோடம் நம்மை நோக்கித் திருப்பி அனுப்புகிற சிக்னல் குறைந்த அலைவரிசையில் வருகிறது, ஒரு நோடில், அதாவது ஒரே இணைப்புப் புள்ளியில், இருக்கிற அத்தனை வீட்டு இரைச்சலும் அந்த வழியில்தான் வந்து சேருகிறது. நாலு பக்கத்து ஓடையும் ஒரே கண்மாயில் விழுகிற மாதிரி. ஒரு ஓடையில் சேறு வந்தால் போதும், கண்மாய் முழுக்கக் கலங்கிவிடும். ஒரு வீட்டுக் கனெக்டர் களிம்பேறினால் தெரு முழுக்க நெட் படுத்துவிடும்.

இந்தப் பச்சைக் களிம்பை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

சரி, இந்த டாக்சிஸ் தரம் யார் உருவாக்கியது? மோடம் செய்கிறவர்கள் இல்லை, மோடம் வாங்குகிறவர்கள். 1990களின் நடுவில் லான்சிட்டி, மோட்டோரோலா, காம்21, டெரயான் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு முறையில் மோடம் செய்தது. ஹெட் எண்டில், அதாவது கேபிள்காரரின் தலைமை நிலையத்தில், ஒரு கம்பெனி கருவியை வைத்துவிட்டால் ஊர் முழுக்க அதே கம்பெனி மோடம்தான் வாங்க வேண்டும், அவர்கள் சொல்வதுதான் விலை. இதில் மாட்டிக்கொள்ள விரும்பாத காம்காஸ்ட், காக்ஸ், டிசிஐ, டைம் வார்னர் ஆகிய நாலு பெரிய அமெரிக்கக் கேபிள்காரர்கள் 1996இல் கூட்டுச் சேர்ந்து, எல்லாக் கம்பெனி மோடமும் எல்லாக் கம்பெனி ஹெட் எண்டோடும் பேச வேண்டும் என்று ஒரு பொதுத் தரம் எழுத வைத்தார்கள். 1997இல் டாக்சிஸ் 1.0 வந்தது. கேபிள்காரர்களே நடத்துகிற கேபிள்லேப்ஸ் ஆய்வகம் சோதித்து 1999 மார்ச்சில் முதல் சான்றிதழ்களைக் கொடுத்தது, தோஷிபாவுக்கும் தாம்சனுக்கும். அப்புறம் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். சில நூறு டாலருக்கு விற்ற பெட்டி சில வருடத்தில் நூறு டாலருக்குள் இறங்கியது.

பொதுத் தரம் என்றாலே விலையை இறக்குவதற்கான ஏற்பாடு, தம்பி. தரத்தில் சேருகிற காப்புரிமைகளைக் கூட ராயல்டி வாங்காமல் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் டாக்சிஸ் கூட்டமைப்பின் ஏற்பாடு. ஆக ஒரு கம்பெனி மூளையைக் கசக்கி ஒன்றைக் கண்டுபிடித்து அது தரத்திலும் சேர்ந்துவிட்டால், அன்றிலிருந்து அது எல்லாருக்கும் பொது. காக்கா பார்ப்பது புதுத் தரத்தால் வரும் விற்பனையை. அந்த விற்பனையில் லாபம் யாருக்கு நிற்கும் என்பதை அவர் பார்க்கவில்லை. ஷேர் விலை நிற்பது லாபத்தின் மேல்.

இப்போது களிம்புக்கு வருகிறேன். டெரயான் என்று மேலே ஒரு பெயர் சொன்னேன் இல்லையா, கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் அண்ணன் தம்பி இருவர் 1993இல் தொடங்கியது. எஸ்-சிடிஎம்ஏ என்ற அவர்களுடைய முறையின் பெருமையே இதுதான்: லைனில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் வீட்டிலிருந்து மேல்நோக்கிப் போகிற சிக்னல் தாங்கும். பழைய வயர், அழுகிய கனெக்டர், எதுவாக இருந்தாலும் லைனைச் சுத்தம் செய்யாமலே இன்டர்நெட் கொடுக்கலாம் என்றார்கள். நம் கடற்கரையில் கம்பம் ஏறிய எவனுக்கும் இதைக் கேட்டால் வாயில் எச்சில் ஊறும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1998இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள், அதே வருடக் கடைசியில் அடுத்த தரத்தில் அவர்களுடைய முறையும் சேரப்போகிறது என்ற செய்தி வந்தது, ஷேர் பறந்தது. 2000 மார்ச்சில் ஒரு பங்கு 100 டாலருக்கு மேல் எங்கேயோ இருந்தது. அந்த வருடம் முடிவதற்குள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது.

டாட்காம் குமிழி உடைந்த வருடம் அது, எல்லா ஷேரும்தான் விழுந்தது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2001 கடைசியில் டாக்சிஸ் 2.0 வந்தபோது எஸ்-சிடிஎம்ஏ உண்மையிலேயே அதில் இடம்பெற்றது. கம்பெனி ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் அதன் பக்கத்திலேயே பிராட்காமும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் முன்வைத்த இன்னொரு முறையும் சேர்ந்திருந்தது, தரச் சான்று வேண்டுமானால் ஒவ்வொரு மோடமும் இரண்டையும் செய்ய வேண்டும். சிப் செய்கிறவர்கள் இரண்டையும் ஒரே சிப்பில் போட்டு எல்லாருக்கும் விற்றார்கள். டெரயானிடம் மட்டும் கிடைத்த சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்க ஆரம்பித்தது. 2004இல் ஹெட் எண்ட் கருவித் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள், 2007இல் மோட்டோரோலா மொத்தக் கம்பெனியையும் பங்குக்கு 1 டாலர் 80 சென்ட் கொடுத்து வாங்கியது. தொழில்நுட்பம் ஜெயித்தது, தரத்திலும் ஏறியது, ஷேர் வாங்கியவர் பணம் போனது. மூன்றும் ஒரே கம்பெனிக்குத்தான் நடந்தது.

தரத்துக்கு வெளியே நின்ற காம்21 கதை இன்னும் சின்னது. அது வேறொரு முறையில் மோடம் செய்தது, சந்தை டாக்சிஸ் பக்கம் திரும்பியதும் இதுவும் திரும்பப் பார்த்தது, 2003இல் திவால்.

சரி, யாராவது சம்பாதித்தார்களா என்றால், சம்பாதித்தார்கள். சிப் செய்கிற பிராட்காம். பெட்டியின் மேல் யார் பெயர் இருந்தாலும் உள்ளே அதன் சிப் இருந்தது. ஆனால் இன்றைக்கு அந்தக் கம்பெனி எவ்வளவோ பெரிதாகிவிட்டது, செயற்கை நுண்ணறிவுக்கான சிப்பும் விஎம்வேர் மென்பொருளும்தான் அதன் விலையை ஏற்றி இறக்குகின்றன. டாக்சிஸ் 4.0 வருகிறது என்று நம்பி அதை வாங்குவது, கடற்கரையில் சுண்டல் விற்பனை கூடும் என்று நம்பி ரயில்வேயில் பணம் போடுவது மாதிரி. மோடம் சிப்பில் போட்டியாக இருந்த இன்டெல், 2010இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிடம் அந்தத் தொழிலை வாங்கியது, பத்து வருடம் நடத்திவிட்டு 2020இல் வீட்டு மோடம் பெட்டிகளுக்கான (கேட்வே) சிப் தொழிலை மேக்ஸ்லீனியருக்கு வெறும் 15 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டது. இன்டெல் அளவு கம்பெனியே கைவிட்ட தொழில் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பெட்டி செய்கிற பக்கம் இன்னும் மோசம். ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட்டை 2000இல் மோட்டோரோலா வாங்கியது. மோட்டோரோலாவின் அந்தப் பிரிவு 2012இல் கூகுள் கைக்குப் போனது, கூகுள் 2013இல் 235 கோடி டாலருக்கு ஆரிஸிடம் தள்ளிவிட்டது. ஆரிஸை 2019இல் காம்ஸ்கோப் கடனோடு சேர்த்து 740 கோடி டாலருக்கு வாங்கி, அந்தக் கடன் சுமையிலேயே மூச்சுத் திணறி, மோடமும் செட்டாப் பாக்ஸும் செய்கிற பிரிவை 2024 ஜனவரியில் வான்டிவா என்ற கம்பெனிக்குக் கொடுத்தது. பணம் கூட இல்லை, வான்டிவாவின் 25 சதவீதப் பங்குக்குப் பதிலாக. சிஸ்கோ 2006இல் சயின்டிஃபிக் அட்லாண்டாவை 690 கோடி டாலருக்கு வாங்கி, 2015இல் பெட்டித் தொழிலைச் சுமார் 60 கோடிக்கு விற்றது. இத்தனை கை மாறிய பொருளில் கடைசியாகக் கை நீட்டுகிறவராக நாம் ஏன் இருக்க வேண்டும்?

இப்படி ஆவதற்குக் காரணம் தரம் மட்டுமில்லை, வாங்குகிற ஆள் எத்தனை பேர் என்பதும்தான். இதை நம் கரையில் தினமும் பார்க்கலாம். தங்கச்சிமடத்திலோ ராமேஸ்வரத்திலோ விசைப்படகு வந்து அணைகிறது, இறாலும் நண்டும் கணவாயும் இறங்குகிறது. நூற்றுக்கணக்கான படகு, ஆனால் ஏற்றுமதிச் சரக்குக்கு விலை சொல்வது கரையில் நிற்கிற சில கம்பெனி ஏஜென்ட்கள். டீசல் விலை ஏறியது, வலை கிழிந்தது, எதைச் சொன்னாலும் அவர்கள் சொன்ன விலைதான், ஏனென்றால் சரக்கு கெட்டுவிடும், வேறு ஆள் இல்லை. அமெரிக்கக் கேபிள் சந்தையில் அந்த ஏஜென்ட் காம்காஸ்ட்டும் சார்ட்டரும். அவர்கள் இருவரும் இந்தக் காலாண்டு வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொன்னால் கருவி செய்கிறவர் கணக்கு அந்தக் காலாண்டே சிவப்பாகிவிடும்.

அவர்கள் அப்படிச் சொல்லவும் செய்வார்கள். இங்கேதான் காக்கா சொன்னதில் பெரிய ஓட்டை. "எல்லாரும் மாற்றியாக வேண்டும்" என்பது உண்மையில்லை. டாக்சிஸ் 4.0 லைனில் 3.1 மோடமும் 3.0 மோடமும் வேலை செய்யும், பழையதோடு ஒத்துப்போகிற மாதிரிதான் ஒவ்வொரு தரத்தையும் எழுதுகிறார்கள். உங்கள் மனதில் ஓடுவது நம் ஊர் செட்டாப் பாக்ஸ் மாற்றம் என்று நினைக்கிறேன். அது சட்டம். கடைசிக் கட்டத்தில் 2017 மார்ச் 31க்குப் பிறகு அனலாக் கூடாது, பாக்ஸ் இல்லாத வீட்டில் படம் வராது. மோடத்துக்கு அப்படி ஒரு தேதி எந்த அரசும் போடவில்லை. தேதி போட்ட பாக்ஸிலேயே, நம் மாநிலத்தில் அரசு கேபிள் பாக்ஸை இலவசமாகக் கொடுத்தது. நீங்களே வீடு வீடாகப் போய் மாட்டியிருப்பீர்கள், உங்களுக்கு அதில் எவ்வளவு நின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

தரம் எழுதுகிற வருடத்துக்கும் வீட்டுக்கு வருகிற வருடத்துக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். 3.0 எழுதியது 2006, காம்காஸ்ட் கொடுக்க ஆரம்பித்தது 2008. 3.1 எழுதியது 2013, வீட்டுக்கு வந்தது 2016. 4.0 தரத்தை 2020 வாக்கில் முடித்தார்கள், காம்காஸ்ட் முதல் சில ஊர்களில் திறந்தது 2023 அக்டோபரில். அதுவும் 4.0 ஒன்றல்ல, ஒரே பெயருக்குள் இரண்டு வழி. மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் போகிற சிக்னல் ஒரே அலைவரிசையைப் பகிர்கிற வழியைக் காம்காஸ்ட் எடுத்தது, அலைவரிசையை 1.8 கிகாஹெர்ட்ஸ் வரை நீட்டுகிற வழியைச் சார்ட்டர் எடுத்தது. சிப் செய்கிறவர்கள் இரண்டுக்கும் செலவழிக்க வேண்டும், ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் ஆளுக்கு ஒன்றாகச் செய்ய வேண்டும். இதற்கு நடுவில், 3.1 கருவிகளை வைத்துக்கொண்டே மேல்நோக்கிய அலைவரிசையை மட்டும் அகலப்படுத்தினால் இன்னும் பல வருடம் ஓட்டலாம் என்பதும் கேபிள்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. கையில் மலிவான வழி இருக்கும்போது யார் அவசரப்படுவார்கள்? அதோடு அங்கேயும் ஃபைபரும் செல்போன் கம்பெனிகளின் வயரில்லா நெட்டும் வந்து கேபிள்காரர்களின் இணைப்பு குறைந்துகொண்டே வருகிறது. 240 வீடு 150 ஆன உங்கள் கதைதான். இணைப்பு குறைகிற கேபிள்காரர் புதுக் கருவிக்கு எவ்வளவு தாராளமாகச் செலவழிப்பார் என்பதை என்னை விட உங்களால் நன்றாகச் சொல்ல முடியும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது, இதில்தான் படித்தவர்களும் நிறையப் பேர் மாட்டினார்கள். நம் பக்கம் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடிகிற வாரம் வலை, கயிறு, பெயின்ட் விற்கிற கடைகளில் நிற்க இடம் இருக்காது. அந்த ஒரு வார விற்பனையைப் பார்த்துவிட்டு வருடம் முழுக்க இப்படித்தான் போகும் என்று ஒருவர் அந்தக் கடையை விலை பேசினால் எப்படி இருக்கும்? 2021, 2022இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது அதுதான் நடந்தது. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லாரும் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டார்கள். இன்டெல்லிடம் மோடம் சிப் தொழிலை வாங்கியதாகச் சொன்னேனே, அந்த மேக்ஸ்லீனியரின் விற்பனை 2022இல் 112 கோடி டாலருக்கு ஏறியது. அது வைஃபை, வேறு சிப்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு. 2023இல் 69 கோடி. 2024இல் 36 கோடி. டாக்சிஸ் 4.0 பற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருந்த அதே இரண்டு வருடத்தில் விற்பனை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது, ஏனென்றால் வாங்கியவர்களின் கிடங்கில் பழைய சரக்கே தீரவில்லை. புதுத் தரம் வருவது பற்றிய செய்தியை விட, வாங்குகிறவர் கிடங்கில் எவ்வளவு கிடக்கிறது என்பதுதான் இந்த ஷேர்களை ஆட்டிப்படைத்தது.

அப்படியானால் இந்தத் துறையில் நல்ல கம்பெனியே கிடையாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லமாட்டேன். ஹெட் எண்டில் ஒரு பெரிய அலமாரி அளவு நின்ற கருவியின் வேலையை மென்பொருளாக்கிச் சாதாரண சர்வரில் ஓட வைத்தது ஹார்மோனிக், காம்காஸ்ட் அதை வாங்கியது, அந்த வேலையில் அதற்கு உண்மையான முன்னிலை இருந்தது. ஆனால் அதன் விற்பனையில் பெரும் பங்கு அந்த ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது, அதனால் காம்காஸ்ட் வேகம் குறைத்தபோதெல்லாம் ஷேரும் அடிவாங்கியது. அதே வேலையில் போட்டியிட்ட காசா சிஸ்டம்ஸ் 2017 டிசம்பரில் 13 டாலருக்குச் சந்தைக்கு வந்து, அடுத்த வருடமே நல்ல உயரத்துக்குப் போய், 2024 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது, அதன் கேபிள் தொழிலைக் கனடாவின் வெசிமா வாங்கிக்கொண்டது. இரண்டு கம்பெனியும் படித்தது ஒரே தரப் புத்தகத்தைத்தான்.

காம்ஸ்கோப் கூட 2025 ஆகஸ்டில் ஒரே நாளில் பெரிய அளவில் ஏறியது. காக்கா அதைக் கூடக் காட்டியிருக்கலாம். ஏறிய காரணம் டாக்சிஸ் இல்லை. டேட்டா சென்டர்களுக்கு ஃபைபர் விற்கிற தொழிலை ஆம்ஃபினால் 1,050 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது, கடன் தீரும் என்ற நம்பிக்கையில் ஏறியது.

காக்கா தன் சொந்தப் பணத்தில் வாங்குகிறார் என்றால் அது அவர் விருப்பம். ஆனால் வாங்குவதற்கு முன் கம்பெனியின் வருடாந்தர அறிக்கையை ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். விற்பனையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்குகிற வாடிக்கையாளர்களை அதில் சொல்லியிருப்பார்கள். முதலில் அதைப் பார்க்க வேண்டும், அப்புறம் கடன், அப்புறம் கிடங்கில் நிற்கிற சரக்கு விற்பனையை விட வேகமாக ஏறுகிறதா என்பது. தரத்தைப் பற்றி எழுதியிருக்கிற பக்கங்களைக் கடைசியில் படித்தால் போதும்.

இனி அந்த ஆள் விஷயம். தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலம், பணம் அனுப்புவது நம் கரையில் பழகிப்போன பழக்கம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுகிற செயல், பிடிபட்டால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட முடியும். பிடிபடாவிட்டாலும், ஷேர் காக்கா பெயரில் இருக்கும், உங்கள் பணம் போனதற்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. நாளைக்கு லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் அண்ணன் தம்பிக்குள் பேச்சு வரும். இந்த மாதிரிக் கணக்கை எடுத்துக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்த சகோதரர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பங்கு வாங்க ஆசை இருந்தால் நேர் வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வங்கி வழியாக அனுப்பலாம். 10 லட்சத்துக்கு உள்ளே என்றால் முன்கூட்டியே பிடிக்கிற வரியும் இல்லை. வாங்கியதை வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டும், டிவிடெண்டில் அமெரிக்காவிலேயே 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், அதை இங்கே வரியில் கழித்துக்கொள்ளலாம்.

6 லட்சத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. பொதுத் தரத்தால் லாபம் அடைகிறவர் வாங்குகிறவர் என்று மேலே சொன்னேன். நீங்கள் வாங்குகிற பக்கம்தானே நிற்கிறீர்கள்? ஃபைபரும் பொதுத் தரத்தில் ஓடுகிற பொருள்தான். ஓஎல்டி என்பது நம் பக்கம் நிற்கிற ஃபைபர் கருவி. அதன் ஒரு போர்ட்டை 64 வீட்டுக்குப் பிரிக்கலாம், 150 வீட்டுக்கு மூன்று போர்ட், போன 90 வீடும் திரும்பி வந்தால் கூட நாலு போர்ட்டில் அடங்கிவிடும். வீடு வரை கண்ணாடி இழைதான், வழியில் கரண்ட் கேட்கிற ஆம்ப்ளிஃபயர் கிடையாது, களிம்பேறுவதற்கு நடுக்கம்பி கிடையாது. கச்சான் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு வருகிற போன் பாதியாகக் குறையும். மொத்தத்தையும் ஒரே மாதத்தில் மாற்ற வேண்டாம். உப்புக்காற்று நேராக அடிக்கிற கடலோரத் தெருக்களிலிருந்து ஆரம்பியுங்கள், அங்கேதான் கம்ப்ளெயின்ட்டும் அதிகம், விட்டுப்போகிறவர்களும் அதிகம். 6 லட்சத்தில் ஒரு லட்சத்தை வங்கியில் தொடாமல் வையுங்கள்.

மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள். ஓஎல்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன், வேறு இரண்டு கம்பெனியின் எக்ஸ்பான் ஓஎன்யூவை, அதாவது வீட்டில் வைக்கிற ஃபைபர் பெட்டியை, கடையிலேயே அதில் சொருகச் சொல்லி, ரெஜிஸ்டர் ஆகி நெட் வருகிறதா, வைஃபை பெயரை இங்கிருந்தே மாற்ற முடிகிறதா என்று கண்ணால் பாருங்கள். தரம் ஒன்றுதான் சார், எல்லாம் வேலை செய்யும் என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சில ஓஎல்டி அதே கம்பெனிப் பெட்டியைத்தான் முழுசாக ஏற்கும், அதை வாங்கினால் அடுத்த பத்து வருடத்துக்கு விலை சொல்வது அந்தக் கம்பெனிதான். எந்த எந்தத் தெருவில் எத்தனை இணைப்பு, மாதம் என்ன வசூல், கம்ப்ளெயின்ட் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தத் தெருவை முதலில் மாற்றினால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும் என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து கணக்குப் போடலாம்.